மூளைத் தாளமும் பார்வையும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு புராஜெக்ட் வழிகாட்டி

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில், மூளையின் மின்தாளத்துக்கும் நாம் பார்ப்பதற்கும் உள்ள உறவை அளக்கும் ஒரு புராஜெக்டைத் தருமபுரியில் இருந்தபடியே செய்தேன். எந்தக் கடிதத்தை யாரிடம் வாங்குவது, எந்தப் பொருள் எங்கே கிடைக்கும், எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாமல் நிறைய அலைந்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ், பயோமெடிக்கல், உளவியல், கணினி அறிவியல் என்று எதைப் படிப்பவரும் இதைச் செய்யலாம். லேப்டாப் இருந்தால் பாதி வேலை செலவே இல்லாமல் முடியும்.

1. எதை அளக்கிறீர்கள் என்று முதலில் தெளியுங்கள்

தலைத்தோலில் ஒட்டும் எலக்ட்ரோடு, அதாவது மின்னழுத்தத்தை எடுக்கும் சிறு தகடு, ஒரு தனி நரம்பணுவின் துடிப்பைப் பிடிக்காது. அது மிகச் சிறியது, மண்டையோட்டைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். பெருந்திரளான நரம்பணுக்களின் மின்னழுத்தம் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால்தான் வெளியே ஏதாவது தெரியும். நம் ஊர்த் திருவிழாவில் பம்பைக்காரர்கள் சேர்ந்து ஒரே அடியாக அடித்தால் அடுத்த ஊர் வரைக்கும் தாளம் கேட்கும், ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால் இரைச்சல்தான் எட்டும். அப்படித்தான் இதுவும். இப்படித் தலைக்கு மேலிருந்து மூளையின் மின்சாரத்தைப் பதிவதுதான் இஇஜி. அதன் திரையில் ஒரு தாளம் தெரிகிறது என்றாலே கீழே ஒரு பெருங்கூட்டம் ஒத்திசைந்து இயங்குகிறது என்று பொருள். இதை உங்கள் வார்த்தையில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், வைவாவில் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்.

பார்வைக்கான மூளைப்பகுதி பின்மண்டையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல் அமைதியாக உட்கார்ந்தால் அங்கே நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் அலை எழும். இதுதான் ஆல்ஃபா. கண்ணைத் திறந்தவுடன் சட்டென்று தணியும். இதன் உயரம் சில பத்து மைக்ரோவோல்ட்தான், அதாவது ஒரு வோல்ட்டை லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு.

ஆல்ஃபா என்றால் ஓய்வு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்வையை நடுவில் வைத்துக்கொண்டு மனத்தை மட்டும் இடப்பக்கம் செலுத்தினால், இடப்பக்கக் காட்சியைக் கையாளும் வலது பின்மூளையில் ஆல்ஃபா குறைகிறது. கவனிக்காத பக்கத்துக்கு உரிய பகுதியில் ஓங்கி நிற்கிறது. இன்னொரு படி மேலேயும் போயிருக்கிறார்கள். 2009இல் புஷ், டுபுவா, வான்ருலன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், பார்க்க முடியுமா முடியாதா என்ற எல்லையில் இருக்கும் மங்கலான ஒளித்துளியை ஆட்களுக்குக் காட்டினார்கள். ஒளி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். ஆனாலும் ஒருமுறை தெரிகிறது, ஒருமுறை தெரிவதில்லை. ஒளி வருவதற்குச் சற்று முன்பு மூளையின் 7 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 7 முறை) அளவிலான அலை மேட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்பதை வைத்து இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 16 விழுக்காட்டை விளக்க முடிந்தது. எனக்கு இந்தத் துறைமேல் பிடிப்பு வந்ததே இந்த ஆய்வைப் படித்த பிறகுதான். கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும் போதாது, அந்த நொடியில் மூளையின் தாளம் எங்கே நிற்கிறது என்பதும் நாம் காண்பதைத் தீர்மானிக்கிறது.

2. கேள்வியைச் சிறிதாக எடுங்கள்

கல்லூரியில் கிடைக்கும் காலத்துக்கும் பணத்துக்கும் மூன்று கேள்விகள் பொருந்தும். கண் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஆல்ஃபா எவ்வளவு மாறுகிறது என்பது மிக எளிது, இளங்கலைக்கு இதுவே போதும். அடுத்தது, சீராக மின்னும் ஒளியைப் பார்க்கும்போது மூளை அதே தாளத்தைப் பிடிக்கிறதா என்பது. 12 ஹெர்ட்ஸில் ஒளி மின்னினால் பின்மண்டைப் பதிவில் 12 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 24 ஹெர்ட்ஸிலும் கூர்மையான முகடு எழும்.

மூன்றாவதுதான் என் சிபாரிசு. இடப்பக்கம் 7.5 ஹெர்ட்ஸில் ஒரு எல்இடி, வலப்பக்கம் 12 ஹெர்ட்ஸில் இன்னொன்று. ஆள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், கவனத்தை மட்டும் ஒரு பக்கம் வைக்க வேண்டும். கவனித்த பக்கத்தின் தாளம் பதிவில் உயரும். கண்ணில் விழும் ஒளி துளியும் மாறவில்லை, மூளையின் ஒத்திசைவு மாறியிருக்கிறது. பார்ப்பது என்பது கண்ணோடு முடிவதில்லை என்பதற்கு ஒரு சிறிய அறையில் இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காமா அலை, அதாவது 40 ஹெர்ட்ஸை ஒட்டிய வேகமான அலை. 1989இல் கிரே, சிங்கர் குழுவினர் பூனையின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கில்), தள்ளித் தள்ளி இருக்கும் நரம்பணுக்கள் ஒரே பொருளின் பகுதிகளைக் காணும்போது 40 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்திசைந்து துடிப்பதைக் காட்டினார்கள். அதைப் படித்ததும் நாமும் 40 ஹெர்ட்ஸை அளப்போம் என்று ஆசை வரும். வேண்டாம். அது மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து எடுத்த பதிவு. தலைக்கு மேலிருந்து எடுக்கும்போது தாடைத் தசை, நெற்றித் தசை, கழுத்துத் தசை எல்லாம் அதே எல்லைக்குள் வந்து விழும். கண்ணின் நுண்ணசைவே காமா மாதிரி தோற்றம் காட்டும் என்று 2008இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள். பக்கத்திலேயே நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் வேறு. கைடு வற்புறுத்தினாலும் மெதுவாக எடுத்துச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

3. கருவி வாங்கும் முன் இலவசத் தரவில் கைபழகுங்கள்

பலரும் கருவியை வாங்கிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகிறார்கள். வரும் அலை மூளையுடையதா மின்விசிறியுடையதா என்று தெரியாமல் வாரக்கணக்கில் நிற்கிறார்கள். முதலில் நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும்.

பிசியோநெட் தளத்தில் 109 பேரின் இஇஜி பதிவுகள் திறந்த தரவாக இருக்கின்றன. அமெரிக்காவில் 64 எலக்ட்ரோடு வைத்து நொடிக்கு 160 மாதிரி வீதம் எடுத்தவை. கணக்குத் திறக்க வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் 14 பதிவுகள். அதில் முதலாவது கண் திறந்து ஒரு நிமிடம், இரண்டாவது கண் மூடி ஒரு நிமிடம். நமக்கு இந்த இரண்டு மட்டும் போதும். முழுத் தொகுப்பையும் இறக்கப்போனால் சில ஜிபி ஆகும், மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள்.

எம்என்இ என்ற பைதான் தொகுப்பு இலவசம், இந்தத் தரவைத் தானே இறக்கித் தரும் வசதியும் அதில் இருக்கிறது. இரண்டு இடத்தில் தடுக்கும். இந்தக் கோப்புகளில் எலக்ட்ரோடு பெயர்களுக்குப் பின்னால் புள்ளிகள் ஒட்டியிருக்கும், அதனால் பின்மண்டை எலக்ட்ரோடுகளான ஓ1, ஓ2 என்று தேடினால் கிடைக்காது. பெயர்களைச் சீராக்கும் ஒரு கட்டளை அதே தொகுப்பில் உண்டு, அதை முதலில் ஓட்டுங்கள். இன்னொன்று, அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்தத் தரவில் இரைச்சல் முகடு 60இல் இருக்கும், உங்கள் பதிவில் 50இல் இருக்கும். ஒரே நிரலை இரண்டுக்கும் ஓட்டினால் வடிகட்டி தப்பான இடத்தில் வெட்டும்.

கண் மூடிய பதிவில் ஓ1, ஓ2 தடங்களில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு எழும்பி, கண் திறந்த பதிவில் அது அமுங்குவதை வரைபடமாக எடுத்துவிட்டீர்கள் என்றால் புராஜெக்டில் ஒரு அத்தியாயம் கையில் இருக்கிறது. பின்னால் கருவி சரியாக வராவிட்டாலும் இது காப்பாற்றும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றன, நான் மேலே சொன்ன 2009 கட்டுரையும் அப்படித்தான்.

4. காகித வேலையை அதே வாரம் தொடங்குங்கள்

காலம் எல்லாவற்றையும் விழுங்குவது இங்கேதான். மனிதர்மேல் எலக்ட்ரோடு ஒட்டி அளப்பது ஆய்வு. ஒரு மாணவர் செய்தாலும், ஊசி மருந்து எதுவும் இல்லாவிட்டாலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியில் இதன் விதிகள் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பங்கேற்பாளர் ஒப்புதல் பற்றிய அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இந்தக் குழு இருக்காது. அப்போது குழு உள்ள வேறொரு நிறுவனத்தை அணுக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். நீங்கள் தனியாகப் போய் நின்றால் வேலை நடக்காது. உங்கள் முதல்வரின் கடிதமும் கைடின் கையெழுத்தும் இருந்தால்தான் மனுவையே வாங்குவார்கள். அங்கே பணியாற்றும் பேராசிரியர் ஒருவரை இணைக் கைடாகச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் பாதித் தடை விலகும். நரம்பியல் ஆள்தான் வேண்டும் என்றில்லை, உடலியங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள். இஇஜி அவர்கள் பாடத்திலேயே வருகிறது, ஆர்வத்தோடு பேசுவார்கள்.

தயாராக வைக்க வேண்டியவை:

ஆய்வுத் திட்டம், ஐந்தாறு பக்கம். அளவு, காலம், ஆபத்து, அதைத் தவிர்க்கும் வழி எல்லாம் தெளிவாக.
பங்கேற்பாளர் தகவல் தாள், தமிழில்.
ஒப்புதல் படிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும்.
முன்தேர்வுக் கேள்வித்தாள் (அடுத்த படியில் சொல்கிறேன்).
கைடு, துறைத்தலைவர், முதல்வர் கையொப்பமிட்ட முகப்புக் கடிதம்.
உங்களுடைய, கைடுடைய சுருக்கமான தன்விவரக் குறிப்பு.

குழு திருப்பி அனுப்புவதற்குப் பெரிய காரணமே தமிழ்ப் படிவம்தான். ஆங்கிலப் படிவத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழைக் கொடுத்தால் உறுப்பினர்கள் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்கள். குழுவில் மருத்துவம் சாராத சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். அவருக்குப் புரிய வேண்டும். "உங்கள் தலையில் மூன்று இடத்தில் பசை வைத்துச் சிறு தகடுகள் ஒட்டுவோம். இதிலிருந்து உங்கள் உடலுக்குள் மின்சாரம் பாயாது, உங்கள் மூளையின் மின்சாரத்தை அளக்க மட்டுமே செய்யும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம்." இந்த மாதிரி எழுதுங்கள். எழுதியபின் அறிவியல் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பங்கேற்பாளர் அனைவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்கட்டும். கீழே போனால் பெற்றோர் ஒப்புதல் வேறு, பிள்ளையின் இசைவு வேறு என்று காகிதம் இரட்டிக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அது அடுத்ததில்.

காலம்: குழு நினைத்த நேரத்தில் கூடாது. மாதம் ஒருமுறை, சில இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை தள்ளும். ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனை என்று ஒன்று உண்டு, அதற்குத் தகுதி இருக்கிறதா என்று உறுப்பினர் செயலரிடம் கேளுங்கள். மனுவோடு கட்டணம் உண்டா, மாணவருக்குத் தள்ளுபடி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் கடிதத்தில் எண்ணும் தேதியும் வந்த பிறகுதான் முதல் பதிவு. முன்கூட்டியே எடுத்த பதிவைப் பின்னால் சேர்க்க முடியாது, பிறகு எங்கும் வெளியிடவும் முடியாது.

5. மின்னும் ஒளியை அலட்சியமாக எடுக்காதீர்கள்

சிலருக்கு, மின்னும் ஒளியோடு மூளை ஒத்திசைவது எல்லை மீறிப் பரவி வலிப்பாகிவிடும். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இந்த ஒளிக்கூச்ச வகை இருக்கிறது. பதின்ம வயதில்தான் இது அதிகம் வெளிப்படும். 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையிலான மின்னல் மிக மோசமானது. ஆனால் ஆபத்து அதற்கு வெளியேயும் நீள்கிறது: 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் வந்த 12 ஹெர்ட்ஸ் சிவப்பு-நீல மின்னலைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.

அதனால் முன்தேர்வுக் கேள்விகள் கட்டாயம். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ வலிப்பு வந்ததுண்டா? சிறுவயதில் காய்ச்சலோடு வெட்டு (வலிப்பு) வந்ததுண்டா? டிவி, டிஸ்கோ விளக்கு, மரநிழல் வழியே விட்டுவிட்டு வரும் வெயில் இவற்றால் தலைசுற்றியதுண்டா? ஒற்றைத் தலைவலி உண்டா? நேற்றிரவு சரியாகத் தூங்கினீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், தூக்கம் இல்லை என்றாலும் மின்னல் பகுதியில் அவர் வேண்டாம். நம் பக்கம் வலிப்பைப் பற்றி வெளியில் சொல்லத் தயங்குவார்கள், கல்யாணப் பேச்சு வரைக்கும் பயம் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளை நண்பர்கள் சூழ நிற்கும்போது கேட்காதீர்கள், தனியே தாளில் நிரப்பச் சொல்லுங்கள். விலக்கினால் காரணத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

சிறிய எல்இடி, மங்கலான வெளிச்சம், பச்சையோ வெள்ளையோ. சிவப்பு வேண்டாம். அறை முழு இருட்டாக இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு பத்து நொடி, நடுவே ஓய்வு. கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிட்ச். யாருக்காவது அசௌகரியம் என்றால் ஒளியை நிறுத்துங்கள், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடுவது போதாது, இமை வழியாகவும் மின்னல் போகும். மருத்துவர் ஒருவர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறார் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள், உண்மையிலும் இருக்கட்டும். 108 எண் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

6. பொருட்களும் செலவும்

ஒரே ஒரு தடம் (சேனல்) போதும். உடலின் நுண்மின்சாரத்தைப் பெருக்கும் ஒற்றைத்தட பயோ ஆம்ப்ளிஃபையர் போர்டும், அதை லேப்டாப்புக்கு அனுப்பும் ஆர்டுயினோ வகை போர்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். எட்டுத் தடம் கொண்ட வெளிநாட்டுக் கருவிகள் சுங்கவரியோடு பல மடங்கு விலை ஆகும், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆன்லைனில் வாங்கலாம், கையில் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பெங்களூரு எஸ்பி ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பேருந்து எந்நேரமும் உண்டு, தருமபுரியிலிருந்து ரயிலும் உண்டு. காலையில் போனால் இரவுக்குள் வீடு. கடைகள் ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். பில் கல்லூரிப் பெயரில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் உதவித்தொகைக்குக் கணக்குக் காட்ட அதுதான் தேவை.

கவனம்: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஈசிஜி ஒட்டுத் தகடுகள் முடிக்கு மேல் ஒட்டாது. காதுக்குப் பின்னால் ஒட்டலாம், பின்மண்டையில் முடியாது. பின்மண்டைக்குக் கிண்ண வடிவ எலக்ட்ரோடும் மின்கடத்தும் பசையும்தான் வேண்டும். பசை ஒரு டப்பா பலருக்கு வரும்.

உதவித்தொகை: தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் புராஜெக்டுகளுக்கு நிதி தருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். அறிவிப்பு வரும் காலத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பணம் வருவது தாமதமாகலாம், அதை நம்பிப் பொருள் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதுகாப்பு ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஆள் இணைந்திருக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். கல்லூரி லேப் ஆஸிலாஸ்கோப்பிலோ சுவர் மின்சாரத்தில் ஓடும் வேறு எதிலோ அந்தக் கம்பியைச் செருகவே கூடாது. எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. கூடவே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் குறையும்.

7. பதிவு நாள்

முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்: தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது, கண்டிஷனர் கூடாது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், பழக்கத்தில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். காலையில் ஒரு மெசேஜ் போடுங்கள். எண்ணெய்த் தலையில் பசை வழுக்கும், பதிவு கிடைக்காது. பூ வைத்துக்கொண்டு பின்னலை இறுக்கிப் போட்டு வந்தால் அவிழ்க்கச் சொல்ல வேண்டி வரும். மாணவிகளுக்கு எலக்ட்ரோடு வைக்க ஒரு பெண் உதவியாளர் இருக்கட்டும், இதையும் திட்டத்தில் எழுதுங்கள், குழு கேட்கும்.

இடம் குறிப்பது இப்படி. மூக்கு நெற்றியைத் தொடும் பள்ளத்திலிருந்து, தலை உச்சி வழியாக, பின்மண்டை முடியும் இடத்தில் கையில் தட்டுப்படும் மேடு வரைக்கும் டேப்பால் அளங்கள். அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, பின்மேட்டிலிருந்து மேலே. 36 சென்டிமீட்டர் என்றால் 3.6 சென்டிமீட்டர் மேலே. அங்கே ஒன்று, ஒரு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒன்று, மறு காதுக்குப் பின்னால் மூன்றாவது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடைக்க வேண்டும்.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். சாப்பாட்டுக்குப் பின் கண்ணை மூடச் சொன்னால் ஆள் தூங்கிவிடுவார், தூக்கம் தொட்டதும் ஆல்ஃபா மறைந்து மெதுவான அலைகள் வந்துவிடும். சித்திரை வெயிலில் வேர்த்தால் கோடு மேலும் கீழுமாக மிதக்கும், எனவே டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பதிவை முடிக்கப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கிறார்களே, அந்த நாளை விட்டுவிடாதீர்கள். கட்டடத்திலேயே மின்சாரம் இல்லாத காலைப்பொழுதில் பேட்டரியில் எடுக்கும் பதிவு அவ்வளவு சுத்தமாக வரும்.

முதலில் கண் திறந்து ஒரு நிமிடம், மூடி ஒரு நிமிடம். ஆல்ஃபா ஏறி இறங்குகிறதா பாருங்கள். அது வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். சிலருக்கு ஆல்ஃபா இயல்பிலேயே மிகக் குறைவு, அது நோய் இல்லை. அவர் பயந்துபோகாமல் சொல்லுங்கள். எந்த நிலையிலும் யாருடைய பதிவையும் பார்த்து உடல்நலம் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள், அதற்கு நமக்குத் தகுதியும் அனுமதியும் இல்லை.

8. வந்த முகடு மூளையுடையதுதானா?

எல்இடி 12 ஹெர்ட்ஸில் மின்னுகிறது, பதிவில் 12 ஹெர்ட்ஸில் முகடு. உடனே மகிழ வேண்டாம். எல்இடிக்குப் போகும் கம்பியின் மின்சாரமே எலக்ட்ரோடு கம்பிக்குள் கசிந்திருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: எல்இடி அப்படியே மின்னட்டும், அதற்கு முன்னால் கறுப்பு அட்டையை வையுங்கள். ஒளி கண்ணுக்குப் போகவில்லை, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. முகடு மறைந்தால் அது மூளை. மறையாவிட்டால் கசிவு, கம்பிகளைத் தள்ளி வைத்து மறுபடி தொடங்குங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு ஆளுக்கும் செய்து, அறிக்கையில் தனி வரைபடமாகப் போடுங்கள். ஒரு புராஜெக்ட் நம்பத்தக்கதா என்று இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

எல்இடிக்குப் பதில் லேப்டாப் திரையைப் பயன்படுத்தினால், திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது என்பதை மறக்காதீர்கள். 60ஐ மீதியில்லாமல் வகுக்கும்படி 7.5, 10, 12 என்று எடுத்தால்தான் சீராக மின்னும். 11 கேட்டால் திரை ஏதோ ஒன்றைக் காட்டும், அது 11 ஆக இருக்காது.

பத்து நொடித் துண்டை அலைப்பகுப்பு செய்தால், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு வலு என்று பிரித்தால், 0.1 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும், ஒரு நொடித் துண்டில் 1 ஹெர்ட்ஸ்தான். எல்லாரையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே கோடு போடாமல், ஒவ்வொருவரின் கோட்டையும் தனித்தனியே காட்டுங்கள்.

9. நாட்காட்டி

ஏப்ரலில் வைவா என்று வைத்துக்கொண்டால், முந்தைய ஜூலையில் கைடிடம் தலைப்பு, ஆகஸ்டில் இலவசத் தரவும் எத்திக்ஸ் மனுவும், செப்டம்பர் அக்டோபரில் திருத்தங்களும் பொருள் வாங்குவதும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்து குறுக்கே நிற்கும், அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பதிவு. பொங்கல் வாரத்தில் யாரும் வரமாட்டார்கள். பிப்ரவரி பகுப்பாய்வு, மார்ச் எழுத்து. கடைசி செமஸ்டர் தொடங்கியபின் மனுப் போட்டால் பதிவு எடுக்க நேரம் இருக்காது, இலவசத் தரவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

10. எழுதும்போது

"ஆல்ஃபா குறைந்ததால் பார்வை கூர்மையானது" என்று எழுதினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். இரண்டும் சேர்ந்து மாறின என்பதுதான் உங்கள் தரவு சொல்வது, எது எதை உண்டாக்கியது என்று அது சொல்லாது. பிறர் முடிவுகளையும் அப்படியே வாங்காதீர்கள். ஆல்ஃபா வேகம் அதிகம் உள்ளவர்கள் அடுத்தடுத்து வரும் இரண்டு மின்னல்களைப் பிரித்தறிவதில் தேர்ந்தவர்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்தவை எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள், மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஆல்ஃபாவைப் பெருக்கி நினைவாற்றல் வளர்க்கிறோம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளின் பேச்சை அறிக்கைக்குள் கொண்டுவராதீர்கள்.

பிசியோநெட் தரவைப் பயன்படுத்தினால் அவர்கள் கேட்கும் மேற்கோளைச் சேர்க்க வேண்டும், அந்தப் பக்கத்திலேயே வாசகம் இருக்கிறது. எத்திக்ஸ் ஒப்புதல் எண் அறிக்கையின் முன்பகுதியில் வரட்டும், கடிதத்தின் நகல் பின்னிணைப்பில். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்களை அறிக்கையோடு சேர்த்து பைண்டிங் செய்துவிடாதீர்கள். அதில் பெயர்கள் இருக்கின்றன. அவை பூட்டிய அலமாரியில் கைடிடம் இருக்க வேண்டும், நிரப்பாத படிவம் ஒன்றை மட்டும் பின்னிணைப்பில் வையுங்கள். பதிவுக் கோப்புகளில் பெயருக்குப் பதில் எண். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனித் தாளில், லேப்டாப்பில் வேண்டாம். ஆய்வு முடிந்ததும் குழுவுக்கு ஒரு பக்க முடிவறிக்கை அனுப்ப வேண்டும் என்பது ஒப்புதல் கடிதத்தின் நிபந்தனைகளிலேயே இருக்கும், வைவா முடிந்த வாரத்திலேயே கைடின் கையொப்பத்தோடு அதை அனுப்பிவிடுங்கள்.